அசலை யார் வைத்திருக்கிறார்கள்?

“வீடியோ கன்வெர்ட்டரைப் பத்தியெல்லாம் ஒரு கட்டுரையா தோழர்? நம்ம பத்திரிகைல பக்கம் அவ்வளவு சும்மா கெடக்குதுங்களா?” என்று ஒரு தோழர் கேட்டார். பக்கம் சும்மா கிடக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதித்தான் தீரவேண்டியிருக்கிறது. நம்ம சனத்தின் மீது விழுந்த அடியும் வெட்டும் ஒரு காலத்தில் வாய்ச்சொல்லாக மட்டுமே இருந்தன. சொன்னவனும் சேரிக்காரன், கேட்டவனும் சேரிக்காரன். போலீசு எழுதினால்தான் அது நடந்தது, எழுதாவிட்டால் நடக்கவே இல்லை. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எவனோ ஒருத்தன் கையில் போன் இருக்கிறது. ஏதோ ஒரு பேக்கரி வாசலில் காமிரா தொங்குகிறது. பதிவு கிடைத்துவிடுகிறது. கிடைத்த பதிவை நாம் என்ன செய்கிறோம்? கண்ட கண்ட மென்பொருளில் போட்டு அரைக்கிறோம், வாட்சப்பில் தள்ளுகிறோம், போனில் இடமில்லை என்று அசலை அழிக்கிறோம். எதிரி சிரமப்பட்டு அழிக்கவேண்டியதை நாமே இலவசமாக அழித்துக் கொடுக்கிறோம்.

எங்க ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் சாராயக் கடை இருக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்ததும் டாஸ்மாக் கடைகள் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்கின. 2017 ஏப்ரல் 11 அன்று சாமளாபுரத்தில் மக்கள், அதிலும் பெண்கள், திரண்டு ரோட்டை மறித்தார்கள். தடியடி நடந்தது. ஏ.டி.எஸ்.பி. ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அந்த அறை வீடியோவாக நாடு முழுக்கப் போனது. வீடியோ இல்லாமல் போயிருந்தால், கூட்டத்தைக் கலைக்க லேசான பலப் பிரயோகம் என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்திருக்கும். அறைந்த அதிகாரி பிறகு பதவி உயர்ந்து கோவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக உட்கார்ந்தார் என்பதும், 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னவரும் அவரேதான் என்பதும் வேறு கதை. வீடியோ மட்டும் நீதியை வாங்கித் தந்துவிடாது. இது நமக்குத் தெரியாததல்ல.

என் போனில் அந்த வீடியோ மூன்று வடிவத்தில் இருக்கிறது. ஒன்றில் ஒரு டிவி சேனலின் முத்திரை, அதன் மேலேயே இன்னொரு சேனலின் முத்திரை. இன்னொன்றில் யாரோ ஒரு புண்ணியவான் சினிமா இசையை ஏற்றியிருக்கிறார். மூன்றாவது கட்டம் கட்டமாக உடைந்து, அறைகிறவர் யார் அறைபடுகிறவர் யார் என்றே தெரியாத அளவுக்குப் போய்விட்டது. மூன்றும் சில நொடிகள்தான். அறைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று முழுசாக எடுத்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று ஊருக்குள் கேட்டுப் பார்த்தேன். “அந்த போனு ஒடஞ்சு போச்சுங்ண்ணா.” “மெமரி புல்லுன்னு காட்டுச்சு, அழிச்சுட்டனுங்க. அதான் வாட்சப்புல இருக்குதுல்ல?” வாட்சப்பில் ஒன்று இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது இது அல்ல.

திருப்பூர்ப் பக்கத்துக்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கட்டிங் மேசையில் விழும் பனியன் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாக வாங்கிப் போய், மெசினில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. மில்லில் மறுபடி நூலாக்குகிறார்கள். நூல் வரும். துணியும் வரும். ஆனால் இழை குட்டையாகிப் போயிருக்கும். அந்தத் துணியை மறுபடி கிழித்து மறுபடி நூற்றால் இன்னும் குட்டை. வீடியோவை ஒவ்வொரு தடவை ‘கன்வெர்ட்’ செய்யும்போதும் நடப்பது இதேதான். மனுசக் கண்ணுக்குத் தெரியாது என்று மென்பொருள் கணக்குப் போட்டு, சில விவரங்களைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் படத்தைச் சுருக்குகிறது. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. வாட்சப்பில் வீடியோவாக அனுப்பும்போது அதுவும் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்குகிறது. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த போன் என்று ஃபைலுக்குள் எழுதியிருந்த குறிப்புகளும் அத்தோடு போய்விடுகின்றன. அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். அப்போது ஃபைல் உள்ளபடி போகும். இந்த ஒரு விசயத்தை மட்டும் படித்துவிட்டு மீதியைத் தள்ளிவைத்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.

இதன் விலை என்ன என்பது கோர்ட்டில்தான் தெரியும். எங்கள் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், 2016 மார்ச் 13 அன்று சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியது சிசிடிவியில் பதிவானது. திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 12இல் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22இல் சென்னை உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வெட்டியவனைக் காமிரா பிடித்தது. சதியைக் காமிரா பிடிக்காது. அதற்கு முந்தின வருசம், 2015 ஜூனில் கோகுல்ராஜ் கடைசியாகக் காணப்பட்டது திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் காமிராவில். கூட இருந்த பெண் பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பதிவைக் கோர்ட்டிலேயே போட்டுக் காட்டிக் கேட்டபோதும், திரையில் தெரியும் பெண் தான் இல்லை என்றார். 2023 ஜனவரியில் நீதிபதிகள் இரண்டு பேரும் கோயிலுக்கே நேரில் போய்க் காமிரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2இல் யுவராஜ் உள்ளிட்டவர்களின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் ஒரு வீடியோப் பதிவு எவ்வளவு சுமையைத் தூக்குகிறது பாருங்கள். அந்தப் பதிவை யாரோ ஒருத்தர் நல்ல எண்ணத்தோடு, “படம் இருட்டா இருக்குது, கொஞ்சம் வெளிச்சமாக்கி எம்பி4ஆ மாத்தித் தர்றேன்” என்று மாற்றி, மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு அசலைத் தொலைத்திருந்தால்?

சட்டம் இதில் வருசா வருசம் கறாராகிக்கொண்டே வருகிறது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் அதோடு 65பி சான்றிதழ் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கில் சொன்னது. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதையே மறுபடி உறுதியாகச் சொன்னது. பதிவான கருவியையே அதன் சொந்தக்காரர் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அந்த இரண்டாவது தீர்ப்பிலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. அதன் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் இரண்டு பாகம்: ஒன்று கொடுப்பவர் எழுதுவது, இன்னொன்று நிபுணர் எழுதுவது. இரண்டிலும் ஃபைலின் ஹேஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் எடுத்தால் 64 எழுத்துக்கும் எண்ணுக்குமான ஒரு வரிசை வரும். ஃபைலில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை தலைகீழாக மாறிவிடும். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவைத்தால், ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து இதை எடுக்கலாம். ஒரு நிமிச வேலை. ஆனால் கன்வெர்ட் செய்த ஃபைலின் ஹேஷ் அசலின் ஹேஷாக ஒருநாளும் இருக்காது. போதாக்குறைக்கு, மாற்றும் மென்பொருள் தன் பெயரையும் ஃபைலுக்குள் எழுதிவிடும். ஹேண்ட்பிரேக்கில் மாற்றினால் ஹேண்ட்பிரேக் என்று அதில் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் திறந்து காட்டி, “இது போனில் எடுத்தபடி இருக்கும் வீடியோ அல்ல, கம்ப்யூட்டரில் தயாரித்தது, அப்படித்தானே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், கூண்டில் நிற்கும் நம்ம ஆள் என்ன சொல்வான்? ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். போலி வீடியோவை நொடியில் செய்து தரும் எந்திரங்கள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்த ஒரு ஆமாம் போதும், வழக்கு ஆட்டம் காண.

அப்படியானால் மாற்றவே கூடாதா என்றால், அதுவும் நடக்காத காரியம். மாற்றித்தான் ஆகவேண்டும். சிசிடிவிப் பெட்டியிலிருந்து எடுத்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்காது. புதுப் போனில் எடுத்த வீடியோ சமுதாயக் கூடத்தில் இருக்கும் பழைய டிவியில் சத்தம் மட்டும் கொடுக்கும், படம் வராது. தெருவில் திரை கட்டிப் படம் போடுகிற அன்றைக்கு, ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது, பென்டிரைவைச் சொருகினால் ‘இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ என்று வந்து நிற்கும். இதை எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறோம்! பேச்சாளர் மூன்றாவது தடவையாக மைக்கைப் பிடிக்கவேண்டி வரும், சனம் எழுந்து போய்விடும். ஆகவே அசல் வேறு, பார்க்கிற நகல் வேறு. மாற்றுவது நகலுக்கு மட்டும். அசலைப் பூட்டிவைக்கவேண்டும்.

எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலையில் கன்வெர்ட்டரே தேவைப்படாது. பேக்கிங் செக்சனில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அட்டைப் பெட்டி வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. எம்பி4, எம்கேவி, ஏவிஐ, மோவ் என்று ஃபைலின் வாலில் இருப்பதெல்லாம் பெட்டியின் பெயர். உள்ளே படத்தை எந்த முறையில் மடித்து அமுக்கியிருக்கிறது என்பதற்கு வேறு பெயர்: எச்.264, எச்.265, எம்பெக்-2 என்று. இதைக் கோடெக் என்கிறார்கள். டிவி ஒரு ஃபைலைத் திறக்க மறுத்தால், பெட்டி பிடிக்காமல் மறுக்கிறதா, மடிப்புப் பிடிக்காமல் மறுக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மீடியாஇன்ஃபோ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது; ஃபைலை அதில் போட்டால் இரண்டையும் சொல்லிவிடும். பெட்டி மட்டும்தான் தகராறு என்றால், சரக்கைப் பிரிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றலாம். ஒரு மணிநேர வீடியோவுக்கு ஒரு நிமிசம் ஆகும். ஒரு புள்ளிகூடக் கெடாது. மடிப்பே தகராறு என்றால்தான் பிரித்து மறுபடி மடிக்கவேண்டும். அதுதான் நேரம் தின்பது, இழையைக் குட்டையாக்குவது. பெட்டி மாற்றினால் போதும் என்ற இடத்தில் நம்ம பையன்கள் ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சரக்கைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி மென்பொருள். காசு கொடுத்து வாங்கும் கன்வெர்ட்டர்கள் நிறைய இருக்கின்றன. நம்மிடம் காசு கிடையாது. ஆகவே என்ன நடக்கிறது என்றால் ‘ட்ரையல்’ போடுகிறோம். அது மூன்றில் ஒரு பங்கு வீடியோவை மட்டும் மாற்றித் தருகிறது, அல்லது நெஞ்சுக்குக் குறுக்கே தன் பெயரை எழுதிவிடுகிறது. காலனியில் வீடு கொளுத்திய படத்தின் நடுவில் ஏதோ ஒரு கம்பெனி விளம்பரம்! அடுத்து ‘கிராக்’ தேடிப் போகிறோம். கிராக்கோடு வைரசு வருகிறது, ஆர்டிஸ்க்கில் இருந்த மற்றதும் போகிறது. மூன்றாவதாக, இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தருகிறோம் என்கிற தளங்கள். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பாதிக்கப்பட்ட பெண்ணின் முகமும், சாட்சி சொல்லப் போகிறவனின் வீட்டு வாசலும் இருக்கிற பதிவை, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு கம்ப்யூட்டருக்கு நாமே அனுப்பிவைப்பது என்ன வகை அரசியல்?

நான் சொல்வது மூன்று, நான்கு பெயர்தான். எல்லாமே சுதந்திர மென்பொருள்; காசும் கிடையாது, ட்ரையலும் கிடையாது. விஎல்சி பெரும்பாலும் எல்லாரிடமும் இருக்கும். பாரீசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது. பார்ப்பதற்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. அதிலேயே மாற்றும் வசதியும் உண்டு, அவசரத்துக்கு ஆகும், ஆனால் நம்பி உட்கார முடியாது. இந்த விஎல்சியின் இணையதளத்தையே 2022இல் இந்தியாவில் முடக்கி வைத்திருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நிறுவனத்துக்கு ஒரு நோட்டீசுகூட இல்லை. வக்கீல் நோட்டீசு விட்ட பிறகு அந்த வருச நவம்பரில் திறந்துவிட்டார்கள். ஆகவே தேவையான மென்பொருளின் நிறுவும் ஃபைலையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹேண்ட்பிரேக் 2003இல் தொடங்கியது. விண்டோசு, மேக், லினக்சு மூன்றிலும் ஓடும். இது சரக்கைப் பிரித்து மறுபடி மடிக்கிற மெசின். பெட்டி மட்டும் மாற்று என்றால் இதற்குத் தெரியாது. தெருப்படத்துக்கு நகல் தயாரிக்க இதைவிட நல்லது வேறில்லை. லாஸ்லெஸ்கட் அதற்கு நேர் எதிர். பிரிக்கவே பிரிக்காது. பெட்டியை மாற்றும், வேண்டாத பகுதியை வெட்டும், அவ்வளவுதான். மூன்று மணிநேரக் கூட்டத்திலிருந்து பத்து நிமிசப் பேச்சை எடுக்கவேண்டும் என்றால் இதில் எடுங்கள். வெட்டு நாம் வைத்த நொடியிலேயே விழாமல் கொஞ்சம் முன்னால் விழும், அது அதன் குணம், பொறுத்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது எஃப்எஃப்எம்பெக் என்ற எந்திரம். 2000இல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கியது. அதற்குப் பொத்தானும் கிடையாது, சன்னலும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கவேண்டும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பவர்டேபிள் மெசினை முதல் நாள் பார்த்தபோதும் பயமாகத்தான் இருந்தது. நூறு ஃபைலை ஒரே அடியில் மாற்றவேண்டிய அன்றைக்கு அதன் அருமை தெரியும். கல்லூரித் தோழர்கள் இதைப் படிக்கவேண்டும்.

எதை இறக்கினாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கின் ஒரு பதிவிறக்க சர்வருக்குள் எவனோ புகுந்து, மேக் கம்ப்யூட்டருக்கான ஃபைலை மாற்றி உளவு மென்பொருளை வைத்துவிட்டான். சில நாள் அது அப்படியே கிடந்தது. தளத்தில் போட்டிருந்த ஹேஷ் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

தெருப்படத்துக்கு நகல் எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கைத் திறந்து ஃபைலைப் போட்டால் முன்கூட்டியே அமைத்த அளவுகளின் பட்டியல் வரும். அதில் 720பி போதும். நம்ம புரொஜெக்டருக்கும் வெள்ளை வேட்டித் திரைக்கும் அதற்கு மேல் வீண். பெட்டி எம்பி4. மடிப்பு எச்.264; எச்.265 இதைவிடச் சின்னதாக மடிக்கும் என்று ஆசைகாட்டுவார்கள், போகாதீர்கள், பழைய டிவி அதை எடுக்காது. தரத்துக்கு ஆர்.எஃப். என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 20, 22 என்று வைத்தால் சரி. அதன் பக்கத்திலேயே நொடிக்கு எத்தனை படம் என்று கேட்கும் இடத்தில் ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தொடுங்கள். போன் காமிரா வெளிச்சத்துக்குத் தக்கபடி நொடிக்கு 30 படமும் எடுக்கும், 24ம் எடுக்கும். அதை அப்படியே விட்டால் சில டிவியில் வாய் ஒருபக்கம், சத்தம் ஒருபக்கம் என்று ஆகிவிடும். சத்தத்துக்கு ஏஏசி. பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது; அதைக் கூட்டத்துக்கு முந்தின நாளே பாருங்கள், மேடையில் ஏறின பிறகு அல்ல.

“எங்கிட்ட இருக்கறது கவர்மெண்டு லேப்டாப்புங்ண்ணா, அதுல இதெல்லாம் ஓடுமா?” என்று ஒரு தம்பி கேட்டான். ஓடும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினி நம்ம வீடுகளில் தூசி படிந்து கிடக்கிறது. மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ராத்திரி போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனால் காலையில் முடிந்திருக்கும். சூடாகும், மெத்தை மேல் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பேட்டரி செத்துப்போன மடிக்கணினியில் கரண்டு போனால் பாதியில் நின்ற ஃபைல் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிசிடிவி தனிச் சங்கதி. ஒரு சம்பவம் நடந்ததும் முதலில் ஓடவேண்டியது காமிரா இருக்கும் கடைக்கு. அந்தப் பெட்டி, டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதுசை எழுதிக்கொண்டு போகும். சில வாரத்தில் சம்பவம் காணாமல் போகும். கடைக்காரர் செல்போனில் டிவித் திரையைப் படம்பிடித்துக் கொடுத்தால் அது சாட்சியம் ஆகாது என்று இல்லை, ஆனால் சொத்தைச் சாட்சியம். பெட்டியிலிருந்தே ஏற்றுமதி செய்து வாங்கவேண்டும். வருவது பல நேரம் ‘டாவ்’ போன்ற அந்தக் கம்பெனியின் சொந்த வடிவமாக இருக்கும். அதைத் திறக்கும் பிளேயரையும் சேர்த்து வாங்குங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் பொது மென்பொருளில் மாற்றும்போது மூலையில் ஓடும் தேதியும் நேரமும் சில சமயம் காணாமல் போகும், வேகமும் மாறிப்போகும். ஆள் நடப்பது ஓடுவதுபோலத் தெரியும். ஆகவே மாற்றிய நகலை எடுத்துக்கொண்டு அசலை விட்டுவிட்டு வருவது பெரிய முட்டாள்தனம். இன்னொன்று: காமிராப் பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, உங்கள் போனின் நேரத்துக்கும் அதற்கும் எத்தனை நிமிசம் வித்தியாசம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குற்றவாளி அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்தான் என்று நிரூபிக்க ஏழு நிமிச வித்தியாசம் போதும்.

“இதெல்லாம் ஸ்டுடியோக்காரங்ககிட்டக் குடுத்தா அஞ்சு நிமிசத்துல பண்ணித் தருவாங்க, நமக்கு எதுக்குங்க இந்த வேல?” என்று கேட்கிறார்கள். பண்ணித் தருவார்கள். கல்யாண வீடியோவாக இருந்தால் நானும் அங்கேதான் கொடுப்பேன். ஆனால் அந்தக் கடை யாருடையது, கடையின் கம்ப்யூட்டரில் ஒரு நகல் தங்கிவிட்டால் அது யார் கண்ணில் படும் என்று யோசித்தீர்களா? ஒரு ஊரில் நம்ம பையன்கள் ஸ்டுடியோவில் கொடுத்த டிஸ்க், அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் அதில் தெரிந்தவர்களின் வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. அன்று ராத்திரியே சாட்சி வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ நடத்தினார், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார், அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கி 1956இல் ‘பிரபுத்த பாரத்’ வரை பத்திரிகையை விடவே இல்லை. மற்றவன் பத்திரிகையில் இடம் கேட்டு நிற்பதில் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அச்சுக்கோக்கத் தெரிந்தவன் அன்றைக்கு இயக்கத்துக்கு எவ்வளவு வேண்டியவனாக இருந்தானோ, வீடியோவைக் கையாளத் தெரிந்தவன் இன்றைக்கு அவ்வளவு வேண்டியவன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவு, அந்தச் சட்ட வழக்கின் நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதியவேண்டும் என்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? வாங்கினால் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கடைசியாகப் பழைய கேசட்டுகள். 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் செத்தார்கள். போலீசு விரட்டி அடித்தது, சனம் ஆற்றில் விழுந்தது எல்லாம் அன்றைக்கு வீடியோவில் பதிவானதால்தான் ஆர்.ஆர்.சீனிவாசன் அதை ஆவணப்படமாக்க முடிந்தது, நாமும் இன்றைக்குப் பார்க்க முடிகிறது. அதேபோல 1991 அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்கள், நிலமீட்புப் போராட்டங்கள், செத்துப்போன தோழர்களின் பேச்சுகள் எத்தனையோ விஎச்எஸ் கேசட்டில் பரண்மேல் கிடக்கின்றன. பூசணம் பிடிக்கிறது. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் 2016இல் கடையைக் கட்டிவிட்டது. இருக்கிற மெசின் தேய்ந்தால் முடிந்தது.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க, யூஎஸ்பியில் சொருகும் சின்னக் கேப்சர் கருவியும் ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளும் போதும். முதலில் இறக்குவதை அதிகம் சுருக்காதீர்கள். டிஸ்க்கில் இடம் இருந்தால் எஃப்எஃப்வி1 என்ற முறையில் வையுங்கள். ஒரு மணிநேரத்துக்கு 20, 30 ஜிபி தின்னும், ஆனால் இழை ஒன்றுகூடக் குறையாது. அதுதான் இனி நமக்கு அசல். மினி-டிவி கேசட்டாக இருந்தால் ஃபயர்வயர் வழியாக உள்ளபடியே இறங்கும், மணிக்கு 13 ஜிபி. விஎச்எஸ் படத்தில் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படமாக இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் அசையும் கையின் ஓரம் சீப்புப் பல்போலத் தெரியும். அதைச் சரிசெய்ய ஹேண்ட்பிரேக்கில் ‘டீஇன்டர்லேஸ்’ இருக்கிறது. நகலில் மட்டும் செய்யுங்கள். அசலில் சீப்பு சீப்பாகவே இருக்கட்டும். இன்னும் பத்து வருசத்தில் இதைவிட நல்ல முறை வரலாம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். வீடியோ வந்த தேதி, யார் கொடுத்தது, எந்த போன், ஹேஷ் எண், எந்த டிஸ்க்கில் இருக்கிறது, நகல் யாருக்குப் போனது. இரண்டு டிஸ்க், இரண்டும் ஒரே வீட்டில் இல்லை. முகம் மறைக்கவேண்டிய பதிவு என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு; அதை ஷாட்கட்டில் மறைத்த பிறகுதான் நகல் வெளியே போகும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அன்றைக்குத்தான் உட்காருகிறோம். இதுவரை சேர்ந்த கேசட்டுகள் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருக்கின்றன. எங்களிடம் இருந்த விசிஆர் போன மாதம் நாடாவைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பல்லடம், சூலூர், அவிநாசிப் பக்கம் ஓடுகிற விசிஆர் யாரிடமாவது இருந்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். ரிமோட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.